பெட்டியை இரட்டித்த தேதி

ஜூன் 2, திங்கள்

ஜெர்மனி அம்மையார் இன்று வந்து இறங்கினார். பெயர் ஹெப்சிபா. சொந்த ஊர் நாகர்கோவில். எட்டு வருஷம் ஜெர்மனியில் இருந்தவராம். எனக்கு எதிர் அறை. பதவியும் எனக்குச் சமம். நான் இந்த நிறுவனத்தில் பதினான்கு வருஷம் தேய்ந்து வாங்கிய பதவியை அவருக்கு விமானம் ஏறும்போதே கையில் கொடுத்துவிட்டார்கள். நூற்றிருபது கணினிகளைச் சேர்த்துக் கட்டிய எங்கள் கிளஸ்டரில் எனக்கென்று இருந்த நேரத்தில் பாதியையும் வெட்டி அவருக்குத் தந்தாயிற்று. இயக்குநரின் கடிதத்தில் ‘பகிர்ந்துகொள்ளவும்’ என்று இருக்கிறது. பிடுங்குவதற்குப் புதுப் பெயர்.

அறைக்கு வந்து வணக்கம் சொல்லி ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தார். வாங்கி மேசைக்குள் போட்டேன். வலது கடைவாய்ப் பல்லில் எனக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 4, புதன்

குவார்ட்டர்ஸில் மோட்டார் ஓடவில்லை. பிளம்பர் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. மனைவி பாமா திருச்சியிலிருந்து போன் செய்து பல் டாக்டரிடம் போனீர்களா என்றாள். வலியே இல்லை என்றேன். இட்லியை இடது பக்கமாக மென்று பழகினால் அதுவும் ஒரு சௌகரியம்.

ஜூன் 5, வியாழன்

வியாழக்கிழமைக் கூட்டம். என் கட்டுரை போன மாதம் வெளிவந்தது. ஆகவே நான்தான் பேச வேண்டும்.

விஷயத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கனமான அணு ஒன்றின்மேல் மிக வலுவான லேசர் துடிப்பை அடித்தால் எலக்ட்ரான் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும். அந்த வேகத்தில் சாதாரண குவாண்டம் சமன்பாடு செல்லாது, டிராக் சமன்பாடு வேண்டும். அதில் எலக்ட்ரானின் அலையோடு எதிர் ஆற்றல் அலை என்று இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வரும். எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான் பிறக்கிறதா என்பதை அந்த இரண்டாவது அலையில்தான் பார்க்க வேண்டும். இதையெல்லாம் காகிதத்தில் தீர்க்க முடியாது. கணினிக்குள் ஒரு பெட்டி கட்டி, அலையை உள்ளே விட்டு, மிக நுண்ணிய நேரத் துண்டுகளாக நகர்த்திப் பார்க்கிறோம். பெட்டியின் ஓரத்தில் அலை முட்டித் திரும்பினால் கணக்கு கெட்டுவிடும். அதற்காக அங்கே உறிஞ்சும் சுவர் ஒன்று வைப்போம். வருகிற அலையை அது விழுங்கிவிட வேண்டும்.

என் பெட்டியில், ஆற்றல் அளவுகோலில் 3.1 என்ற இடத்தில், பாசிட்ரான் கணக்கு மேடாக எழுந்தது. இதுவரை யாரும் பார்க்காத மேடு. கைத்தட்டினார்கள்.

அம்மையார் கை தூக்கினார். சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். பிறகு, “மொத்த அலை குறைஞ்சிட்டே வருது, அது சரி சார். ரெண்டு அலையையும் தனித்தனியா பாத்தீங்களா?” என்றார். ஜெர்மனியில் இப்படித்தான் கேட்கச் சொல்லித் தருவார்கள் போலும். பெட்டியை இரட்டித்துப் பார்த்தாயிற்று, மேடு நகரவில்லை, சந்தேகமிருந்தால் நோட்டைப் பாருங்கள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

அம்மையார் நிஜமாகவே நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும் நீள நோட்டு அது. எங்கள் குழுவின் வழக்கம். ஒருவர் கட்டுரை எழுதினால், இன்னொருவர் அதே நிரலைத் தன் கணக்கிலிருந்து ஓட்ட வேண்டும், பெட்டியை இரண்டு மடங்காக்கி. மேடு உண்மையானால் இருந்த இடத்திலேயே இருக்கும். சுவர் செய்த வேலையானால் சுவரோடு சேர்ந்து நகரும். ஓட்டியவர் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். தப்பாகப் போட்டதைப் போட்டவர்தான் அடிக்க வேண்டும், அடுத்தவர் கை வைக்கக் கூடாது.

என் பக்கத்தில் இருப்பது ஒரே வரி. ‘மார்ச் 14. பெட்டி இரட்டிப்பு. நகரவில்லை. தி.நா.’ தில்லைநாயகம் சார் குழுவிலேயே மூத்தவர். இந்த முப்பதாம் தேதி ஓய்வு பெறுகிறார். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் அவர் கையெழுத்தை ஒருத்தர்கூட இரண்டாம் முறை பார்த்ததில்லை. அம்மையார் போனில் அதைப் படமெடுத்துக்கொண்டார்.

ஜூன் 9, திங்கள்

மரகதவல்லி போன் செய்தார். வடக்கே பெரிய லேசர் கூடத்தில் சோதனைக் குழுவின் தலைவி. விருதுநகர்க்காரர். நான்கு வருஷம் காத்திருந்து அவர்கள் குழுவுக்கு ஆகஸ்டில் பன்னிரண்டு நாள் லேசர் நேரம் கிடைத்திருக்கிறது. அதை முழுக்க என் மேட்டைத் தேடுவதற்குத்தான் செலவிடப் போகிறார்களாம். பாசிட்ரான் பிடிக்கும் கருவிக்கு முன்னால் ஓர் உலோகத் தட்டு வரும். அதில் ஒரு மெல்லிய திறப்பு. அந்தத் திறப்பு எந்த ஆற்றலுக்கு நேராக இருக்கிறதோ அது மட்டும்தான் உள்ளே வரும். ஜூன் 30 மாலை ஐந்து மணிக்குத் தட்டை வெல்டிங் செய்துவிடுவார்கள். அப்புறம் மாற்ற முடியாது.

“3.1 தானே சார்? உங்க ஒருத்தர் நம்பரை வச்சுத்தான் ஓட்டையைப் போடுறோம்” என்றார். ஆமாம் என்றேன். என் வாழ்நாளில் என்னை நம்பி யாரும் இரும்பில் ஓட்டை போட்டதில்லை.

பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் ஜூலை 7. இந்தச் சோதனையைப் பற்றித் தேர்வுக் குழுவுக்கு ஏற்கெனவே தெரியும் என்று இயக்குநர் கண்ணைச் சிமிட்டினார்.

ஜூன் 10, செவ்வாய்

கணினி அறையில் மறுபடி சூடு. எலெக்ட்ரிக்கல் பிரிவுக்கு எழுதிக் கிழித்தேன். போன மார்ச்சில் இப்படித்தான் ஏசி படுத்துக்கொண்டது. பத்தாம் தேதியிலிருந்து பதினாறு வரை கிளஸ்டரையே நிறுத்திக் கதவைப் பூட்டினார்கள். ஒரு வாரம் ஒருவர்கூட ஒரு வரி ஓட்ட முடியவில்லை. இந்தத் தேசத்தில் அறிவியல் வளர்கிறதென்றால் அது ஏசி மெக்கானிக் மனது வைத்ததால்தான்.

பிளம்பர் வந்தான். மோட்டார் சரி.

ஜூன் 12, வியாழன்

கூட்டத்தில் அம்மையார், மார்ச் ஓட்டத்தின் கோப்புகளைப் பார்க்கலாமா என்று கேட்டார். எத்தனை மரியாதை பாருங்கள், ‘பார்க்கலாமா’. அழித்துவிட்டேன், கணினி வட்டில் இடமில்லை என்றேன். தில்லைநாயகம் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கூட்டம் முடிந்ததும் அம்மையார் என் பின்னாலேயே வந்தார். மறுபடி ஓட்டுவதானால் தன் பங்கு நேரத்தையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பெட்டி இரட்டித்தால் பதினொரு நாள் ஓடும், இந்தச் சமன்பாட்டில் நேரத் துண்டுகள் அவ்வளவு சிறியவை. “பத்தொம்பதுக்குள்ள போட்டுட்டா முப்பதுக்கு முன்னால வந்திரும். யோசிச்சுக்கிடுங்க சார்” என்றார். கணக்கெல்லாம் போட்டு வைத்திருக்கிறார்.

எனக்குப் புரியாமல் இல்லை. என் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு அதையே எனக்குப் பிச்சையாகப் போடுவது. வேண்டாம் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

பாமா வந்திருந்தாள். முகம் வலது பக்கம் வீங்கியிருக்கிறது என்றாள். கண்ணாடி அப்படிச் சொல்லவில்லை. கிராம்பு எண்ணெய் வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 16, திங்கள்

நான் என்னைப் பற்றிச் சரியாக எழுதி வைக்க வேண்டும். மார்ச்சில் நடந்தது இது. மார்ச் 21 கட்டுரையை அனுப்பக் கடைசி நாள். இரட்டித்த பெட்டிக்கான ஆணைக் கோப்பை ஒன்பதாம் தேதியே எழுதி வைத்திருந்தேன். கிளஸ்டருக்கு அனுப்ப இருந்தேன். அதற்குள் ஏசி போயிற்று. பதினான்காம் தேதி தில்லைநாயகம் சார் காபி எடுக்க வந்தார். “ஓட்டியாச்சா அரவாழி?” என்றார். “ஆச்சு சார். நகரலை” என்றேன். அவர் பேனாவை எடுத்து எழுதிவிட்டார். தானே ஓட்ட வேண்டிய மனிதர் ஓட்டவில்லை. அது அவர் பாடு.

நகராது என்று எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன். பொய் என்றால் தெரியாததைச் சொல்வது.

ஜூன் 18, புதன்

ஓட்டத்தைப் போட்டேன். காலை ஒன்பதரை. அம்மையாருடைய பங்கைத் தொடவில்லை, என்னுடைய மற்ற ஐந்து வேலைகளை நிறுத்திவிட்டு இடம் பிடித்தேன். மார்ச் 9-இல் எழுதிய அதே கோப்பு, ஒரு எழுத்து மாற்றவில்லை. இருபத்தொன்பதாம் தேதி முடியும். மேடு 3.1-லேயே நிற்கும். அந்தப் படத்தை அச்சடித்து அம்மையார் கதவில் ஒட்டுவேன்.

ஜூன் 20, வெள்ளி

இரண்டு நாள் ஓட்டம். ஏசி நன்றாக இருக்கிறது. கிராம்பு எண்ணெய் உதவாது என்று சொல்பவர்கள் பொறுமை இல்லாதவர்கள்.

ஜூன் 23, திங்கள்

மரகதவல்லி தட்டின் வரைபடத்தை அனுப்பினார். திறப்புக்குப் பக்கத்தில் சின்னதாக ‘அரவாழி’ என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் குழுவில் எல்லாரும் அதை அப்படித்தான் சொல்கிறார்களாம். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

பாதி ஓட்டம் முடிந்தது. பாதியில் எட்டிப் பார்ப்பது கெட்ட பழக்கம். மாணவர்களைத் திட்டுவேன். நான் பார்க்கவில்லை.

ஜூன் 25, புதன்

பார்த்தேன். பாதி ஓட்டத்தில் எதுவும் சொல்ல முடியாது.

ஜூன் 26, வியாழன்

கூட்டத்துக்குப் போகவில்லை. பல்.

ஜூன் 29, ஞாயிறு

காலை ஒன்பது நாற்பதுக்கு முடிந்தது. அலுவலகத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

3.1-இல் ஒன்றும் இல்லை. தட்டையாக இருக்கிறது. 2.4-இல் ஒரு குட்டி மேடு. சுவரைத் தள்ளி வைத்தேன், மேடும் தள்ளிப் போய்விட்டது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அம்மாள் முதல் கூட்டத்தில் கேட்ட கேள்வியைக் கணினியிடம் கேட்டேன், அவ்வளவுதான். இரண்டு அலையையும் தனித்தனியாகப் பார்த்தேன். பழைய, சாதாரணச் சமன்பாட்டுக்கு நான் எழுதிய சுவரை அப்படியே தூக்கி வந்து டிராக் சமன்பாட்டின் நிறை உறுப்போடு ஒட்டியிருக்கிறேன். அந்த உறுப்புக்கு ஒரு அலையில் ஒரு குறி, மற்ற அலையில் எதிர்க் குறி. ஆகவே என் சுவர் எலக்ட்ரான் அலையை விழுங்குகிறது. எதிர் ஆற்றல் அலைக்கு உட்கார வைத்துச் சோறு போடுகிறது. அது சுவரில் தின்று கொழுத்துத் திரும்பி வந்ததைத்தான் நான் மேடு என்று உலகத்துக்குச் சொன்னேன். எலக்ட்ரான் பங்கு பெரியது, அது குறைவதால் மொத்தமும் குறைவதுபோலத் தெரிந்தது. முதல் வருஷப் பாடம். மாணவன் செய்திருந்தால் அறையை விட்டுத் துரத்தியிருப்பேன்.

நேர்காணல் ஏழாம் தேதி. தட்டு நாளை ஐந்து மணிக்கு. ஒரு வாரம் முன்பின் இருந்திருக்கக் கூடாதா?

ஜூன் 30, திங்கள்

தில்லைநாயகம் சாருக்கு இன்று பிரிவு உபசாரம். மூன்று மணிக்குக் கூட்டம். சால்வை, சந்தன மாலை, ரவா கேசரி, மெதுவடை. இயக்குநர் நீளமாகப் பேசினார். சார் இரண்டே நிமிடம் பேசினார். இனிமேல் வருகை ஆய்வாளராக இரண்டு வருஷம் இங்கேயே இருக்கப் போகிறாராம். ஒரு மேசையும் கிளஸ்டரில் ஒரு கணக்கும் கேட்டிருக்கிறார், கொடுத்துவிட்டார்கள். வடை கடினமாக இருந்தது.

நான் யாருக்கும் போன் செய்யவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று உண்டு.

பிரிவு உபசாரத்துக்கு முன்னால், இரண்டு மணிக்கு, சார் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கையில் ஓர் அச்சுத் தாள். கிளஸ்டரில் ஓட்டம் முடிந்தால், ஆணைக் கோப்பில் யார் முகவரி இருக்கிறதோ அவருக்கு அஞ்சல் போகும். மார்ச் 9-இல், ஒழுங்காகச் செய்யும் எண்ணத்தில், சரிபார்ப்பவர் என்ற இடத்தில் அவர் முகவரியைத்தான் போட்டிருந்தேன். ஒரு எழுத்து மாற்றவில்லை என்று பெருமையாக எழுதினேனே, அதுவும் மாறவில்லை. மார்ச்சில் முடிந்துவிட்டதாக நான் சொன்ன ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை காலை முடிந்ததென்று அவருக்குத் தகவல் போயிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்.

“மரகதத்துக்கிட்ட நீ பேசுறியா, நான் பேசட்டுமா?” என்றார்.

ஏழாம் தேதி கழியட்டும் சார் என்றேன். அவர் கோபப்படவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சு மணிக்கு வெல்டிங் வைக்கிறாங்கப்பா” என்றார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து போய்விட்டார்.

மேடையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தபோது நாலேகாலுக்கு எழுந்து வெளியே போனார். பாத்ரூம் என்று நினைத்தோம்.

ஜூலை 2, புதன்

மரகதவல்லி போன். முப்பதாம் தேதி நாலரைக்கு வெல்டரின் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினார்களாம். திறப்பை அகலமாக்கி, பன்னிரண்டு நாளையும் வேறொரு அளவீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நேரம் வீணாகாது. நான் மூச்சு விட்டேன்.

அப்புறம் அவர் குரல் மாறியது. தில்லைநாயகம் சார் போனில் சொன்னதை எழுத்திலும் அனுப்பியிருக்கிறார். சரிபார்க்க வேண்டியது தன் பொறுப்பு, ஓட்டாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன், தவறு என்னுடையது என்று. நகல் இயக்குநருக்கு. அதில் என் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

“உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். நிரல்ல தப்பு யாருக்கும் வரும். ஆனா ஓட்டாமயே ஓட்டினேன்னு எழுதுவாரா ஒரு மனுஷன்? நாலு வருஷம் சார். என் புள்ளைங்க நாலு வருஷம் காத்திருந்தாங்க” என்றார்.

அவர் மூத்தவர், கோபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

நோட்டில் மார்ச் 14 வரி அடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்கேல் வைத்து ஒரே கோடு. கீழே: ‘ஓட்டாமல் கையெழுத்திட்டேன். ஜூன் 30. தி.நா.’ கூட்டத்தில் அம்மையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

ஜூலை 5, சனி

பாமா டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். எட்டாம் தேதி. நேர்காணலுக்கு அப்புறம் என்பதால் ஒப்புக்கொண்டேன். சுவரின் குறி தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழுக்கு எழுதி, இயக்குநருக்கும் நகல் அனுப்பினேன்.

ஜூலை 7, திங்கள்

ஐந்து பேர். தலைவர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர். கட்டுரையைத் திரும்பப் பெறுவது பற்றிக் கேட்பார்கள் என்று ஆறு பதில்கள் தயாரித்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. சுவரின் குறியை நானே கண்டுபிடித்துத் திருத்தியதைப் பாராட்டினார்கள். கடைசியில் தலைவர் கோப்பை மூடிக்கொண்டே, “பாவம், அவர் கையெழுத்தை நம்பி மோசம் போயிட்டீங்க” என்றார்.

ஆமாம் என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் அடைத்தே காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அவர் தொழில், அப்படித்தான் சொல்வார். சாயங்காலம் தில்லைநாயகம் சார் போன் செய்தார். பிடுங்கியாச்சா என்று கேட்டார். ஆச்சு சார் என்றேன். இரண்டு நாளைக்குச் சூடாக எதுவும் குடிக்காதே என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இதையே கேட்க போன் செய்வாரா ஒருவர்? என்னை அவமானப்படுத்த இதைவிட நல்ல வழி அவருக்குக் கிடைத்திருக்காது.

போனை வைத்த பிறகுதான் கவனித்தேன். ஆச்சு சார் என்று நான் அவரிடம் சொன்னதில் இந்த ஒரு தடவைதான் நிஜமாகவே ஆகியிருந்தது.

ஜூலை 9, புதன்

காலையில் இயக்குநர் கூப்பிட்டுக் கை கொடுத்தார். பதவி எனக்குத்தான். கடிதம் வெள்ளிக்கிழமை வரும்.

திரும்பி வரும்போது தில்லைநாயகம் சார் அறை வாசலில் அலுவலக உதவியாளர் ஸ்க்ரூ டிரைவரோடு நின்று பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் இருப்பாரே என்றேன். ரத்து என்றார். கிளஸ்டர் கணக்கையும் மூடச் சொல்லி உத்தரவு. கையெழுத்தில் நேர்மை இல்லாதவருக்கு இந்த நிறுவனத்தில் மேசை கிடையாது என்று இயக்குநர் எழுதியிருக்கிறாராம். பலகைக்குப் பின்னால் சுவரில் பெயிண்ட் புதிதுபோல இருந்தது.

அம்மையார் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உள்ளே போகாமல் நேராக வந்தார். ஒரு மாதமாக எனக்குள் இருந்ததெல்லாம் மேலே வந்துவிட்டது. உங்களுக்கு இப்போது திருப்தியா என்று கேட்டேன். வந்த நாளிலிருந்து இதற்குத்தானே அலைந்தீர்கள் என்றேன். அவர் முகம் சிவந்தது. குரலை உயர்த்தவில்லை.

“மார்ச் பத்துலேருந்து பதினாறு வரை ஏசி இல்லாம கிளஸ்டர் பூட்டிக் கிடந்திருக்கு. வந்த வாரமே பதிவேட்டைப் பாத்துட்டேன். பதினாலாம் தேதி எங்க சார் ஓட்டுனீங்க?”

தெரிந்திருந்தும் ஏன் அன்றைக்கே சபையில் சொல்லவில்லை என்றேன்.

“எழுதுனவங்கதான் அடிக்கணும். இங்க அதானே வழக்கம்? நீங்களே அடிச்சிருவீங்கன்னு இருந்தேன். என் நேரத்தக்கூட தாரேன்னு சொன்னேன். இப்ப அடிக்க வேண்டிய ஆளு அடிக்கல, வேற ஆளு அடிச்சிருக்காரு.” பலகை இருந்த இடத்தைக் காட்டினார். “உங்கள எனக்குப் பிடிக்கல சார். மொத நாளே பிடிக்கல. அது வேற.”

அது பரவாயில்லை. எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. இந்தக் கட்டடத்தில் என்னிடம் உண்மை பேசுகிற ஒரே ஆளாக அவர்தான் இருக்க வேண்டும் என்பது என் தலையெழுத்து. பல் போன இடத்தில் நாக்கு போய்க்கொண்டே இருக்கிறது.

மார்ச் 14 அன்று நான் ஓட்டவில்லை. ஓட்டியதாக அவரிடம் பொய் சொன்னேன். அது பொய்தான். ஜூன் 16 அன்று இதே டைரியில் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். அதையும் அடிக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போனேன். காபி இயந்திரத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் நோட்டைக் கயிற்றோடு இழுத்தேன். சாருடைய வரிக்குக் கீழே எழுதினேன்: ‘ஓட்டம் முடிந்தது, நகரவில்லை என்று தி.நா.விடம் சொன்னது நான். ஓட்டவே இல்லை. ஜூன் 29-இல் முடிவு தெரிந்த பிறகும் லேசர் கூடத்துக்குச் சொல்ல மறுத்தேன். நேர்காணலிலும் மறைத்தேன். அரவாழி.’ அந்த இடத்திலேயே படமெடுத்து இயக்குநருக்கும் தேர்வுக் குழுத் தலைவருக்கும் மரகதவல்லிக்கும் அனுப்பினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தக் கொஞ்சம் நேரமாயிற்று.

சாருக்கும் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஒரே வீச்சில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுத நினைக்கிறேன், ஆனால் எதிர்பார்த்தேன்.

ஒவ்வொருவராகக் கோப்பையை எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குள் போனார்கள். அம்மையார் மட்டும் நின்று நான் எழுதியதை மேலிருந்து கீழாகப் படித்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

“தேதி போடல சார்” என்றார்.

அவர் நீட்டிய பேனாவை வாங்கி, ஜூலை 10 என்று போட்டேன்.